பையனுக்கு முதல் வண்டி: ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராமநாதபுரம் கடலோரத்தில் பையன்கள் வண்டி பழகுவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான். பரீட்சை முடிந்திருக்கும். ஏப்ரல் 15-ஆம் தேதி விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடுவதால் அப்பாவும் மாமாவும் கரையில் இருப்பார்கள், வண்டியும் வாசலில் சும்மா நிற்கும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் வாப்பாமார்கள், "நல்ல மார்க் எடுத்தா பைக்" என்று போனில் சொன்ன வாக்கைக் காப்பாற்றும் நேரமும் இதுதான். பதினாறு, பதினேழு வயதுப் பையனோடு குடும்பமே ஷோரூமுக்குப் போகும். ஆனால் அந்த வயதுப் பையன் சட்டப்படி ஓட்டக்கூடிய புதுப் பெட்ரோல் வண்டி இன்று எந்த ஷோரூமிலும் கிடையாது. இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் "பதினாறு ஆனா ஓட்டலாம்னு சட்டத்திலேயே இருக்கே" என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

சட்டத்தில் இருப்பது உண்மைதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்கிறது. அதற்கு ஒரு விலக்கும் தருகிறது: இன்ஜின் 50 சிசி-க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளைப் பதினாறு வயது முடிந்தவர் ஓட்டலாம். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். பெற்றோரோ பாதுகாவலரோ எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.

அந்த விலக்கு எழுதப்பட்ட காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. 1970-களில் லூனா வந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. மிதித்து ஸ்டார்ட் செய்து, சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும் அந்த மொபெட்டுகளைப் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஓட்டுவதில் பெரிய ஆபத்து இல்லை என்று நினைத்திருப்பார்கள். அதற்கப்புறம் இன்ஜின்கள் பெரிதாகிக்கொண்டே போயின. டி.வி.எஸ். கம்பெனியின் எக்ஸ்.எல். சூப்பர் 70 சிசி அளவுக்கு வந்தது. புகை விதிகள் இறுகவும் டூ ஸ்ட்ரோக் மறைந்து ஃபோர் ஸ்ட்ரோக் வந்தது. இன்றைய எக்ஸ்.எல். 100-இன் இன்ஜின் 99.7 சிசி. பெண்பிள்ளைகளுக்கென்று பலர் வாங்கிக் கொடுத்த ஸ்கூட்டி பெப் பிளஸ்கூட 87.8 சிசி. 50 சிசி வண்டி சந்தையை விட்டே போய்விட்டது, சட்டத்தின் வரி மட்டும் அப்படியே நிற்கிறது.

எக்ஸ்.எல். விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கடலோரத்தின் உழைப்பு வண்டி அதுதான். பாம்பனிலும் தேவிப்பட்டினத்திலும் விடிகாலையில் மீன் கூடையும் ஐஸ் பெட்டியும் கட்டிக்கொண்டு கிளம்புபவை அவை. வீட்டில் ஒன்று இருந்தால், "டி.வி.எஸ். ஃபிப்டிதானே, சைக்கிள் மாதிரி" என்று பதினான்கு வயதுப் பையன் கையில்கூடக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை எடுத்து இன்ஜின் கொள்ளளவு என்ற இடத்தைப் பாருங்கள். 99.7 என்று இருந்தால், சட்டத்தின் கண்ணில் அதற்கும் ஸ்பிளெண்டருக்கும் வயது விஷயத்தில் வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் பதினெட்டு.

பழைய 50 சிசி மொபெட் ஒன்றைத் தேடிப் பிடித்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஏட்டளவில் வழி இருக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும், இன்சூரன்ஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், லைசென்ஸ் தேர்வுக்கும் அதே வகை வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும். உதிரிபாகம் கிடைக்காத, பிரேக் சரியாகப் பிடிக்காத ஒரு பழைய வண்டியில் புதிதாகப் பழகும் பிள்ளையை ஏற்றுவதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

மின் வண்டியில் நிலைமை கொஞ்சம் வேறு. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் கீழேயும் அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழேயும் இருந்து, அதற்கான சான்றும் பெற்ற மின் வண்டியை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். உச்சிப்புளியில் இறங்கி நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊருக்குப் போக வேண்டிய பதினேழு வயதுப் பிள்ளைக்கு, சட்டத்துக்கு உட்பட்ட ஒரே மோட்டார் வழி இதுதான் என்பது என் கருத்து. ஆனால் வாங்கும்போது ஏமாறக் கூடாது. "வயரை மாத்தினா நாப்பது போகும்" என்று கடையிலேயே சொல்லித் தருகிறவர்கள் உண்டு. அப்படி வேகம் கூட்டிய நொடியில் அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பச்சை நிற நம்பர் பிளேட் மாட்டிய பெரிய மின் ஸ்கூட்டர்கள் எல்லாம் முழு மோட்டார் வாகனங்கள். பெட்ரோல் இல்லை என்பதால் அவற்றுக்குச் சலுகை எதுவும் இல்லை.

அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தரும் இலவச சைக்கிளையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பல வீடுகளில் அது திண்ணை ஓரமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. போக்குவரத்துக்கு நடுவே கை காட்டித் திரும்புவது, பின்னால் வரும் லாரியின் சத்தத்தை வைத்து தூரத்தைக் கணிப்பது எல்லாம் சைக்கிளில் வருகிற பழக்கங்கள். அந்த இரண்டு வருடத்தைச் சைக்கிளில் கழித்த பிள்ளை, பதினெட்டில் பைக்கில் ஏறும்போது பாதி பாடம் படித்துவிட்டுத்தான் ஏறுகிறது.

சரி, சட்டத்தை மீறிக் கொடுத்தால் என்ன ஆகும்? பலரும் நினைப்பது, செக்போஸ்ட்டில் ஒரு அபராதம், அவ்வளவுதான் என்று. 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படி இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 199-ஏ பிரிவு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பாதுகாவலரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதுகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்றால், அதை நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர்தான். சம்மதத்தோடுதான் கொடுத்தார் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். தினமும் அதே வண்டியில் டியூஷனுக்குப் போய்வந்த பையனின் பெற்றோர் அந்த அனுமானத்தை உடைப்பது எளிதல்ல.

இந்தப் பிரிவு நம் கரையில் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். அப்பா சவூதியிலோ துபாயிலோ இருக்கிறார். வண்டி அம்மா பெயரிலோ தாத்தா பெயரிலோ வாங்கப்பட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டதைத் தவிர அவருக்கும் அந்த வண்டிக்கும் எந்த சம்பந்தமும் இருக்காது. பையன் அழகன்குளம் வளைவில் ஒரு பெரியவர்மேல் மோதினால், காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டியவர், வண்டியே ஓட்டத் தெரியாத அந்த அம்மாதான். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி "வாங்கிக் குடுத்துடு" என்று சொல்வதற்கு முன்னால், ஆர்.சி.யில் யார் பெயர் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

அதே பிரிவில் இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் இந்த மாவட்டத்துக்கு அதுதான் பெரிய அடி என்று நினைக்கிறேன். அப்படிக் குற்றம் செய்த சிறுவருக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது, பழகுநர் லைசென்ஸான எல்.எல்.ஆர். கூடக் கிடையாது. பைக்குக்கு மட்டுமல்ல, காருக்கும் லாரிக்கும்தான். டிரைவர் வேலையை நம்பி வளைகுடாவுக்குக் கிளம்பும் பிள்ளைகள் நிறைந்த ஊர்கள் இவை. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை ஏழு ஆண்டுகள் அந்தக் கதவு மூடிக்கிடந்தால், ஒரு குடும்பத்தின் கணக்கே மாறிப்போகும். எதிராளிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தாலும், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதால் அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதிப்பது வழக்கம். அது லட்சங்களில் வரும். வீட்டையோ நகையையோ விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

பதினெட்டு ஆனதும் செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. ஆன்லைனில் எல்.எல்.ஆர்.க்கு விண்ணப்பித்து, சாலை விதிகள் பற்றிய சின்னத் தேர்வு எழுதினால் எல்.எல்.ஆர். வரும். அது ஆறு மாதம் செல்லும். வாங்கி முப்பது நாள் கழிந்த பிறகுதான் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் எழுத்து ஒட்டியிருக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆர். கைக்கு வந்த அன்றே மூன்று பேராகத் தனுஷ்கோடி கிளம்பும் பையன்களுக்கு இந்த விதி இருப்பதே தெரியாது.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டிய இடம், வண்டி வகை. கியர் இல்லாதது, கியர் உள்ளது என்று இரண்டு உண்டு. அம்மாவின் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் எட்டுப் போட்டுவிட்டு வந்தால் கிடைப்பது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு கியர் பைக் ஓட்டினால், விபத்து என்று வந்தபோது அது செல்லாத லைசென்ஸ் என்ற வாதம் எழும். கியர் வகைக்கே விண்ணப்பித்து, கியர் வண்டியிலேயே தேர்வு கொடுப்பது நல்லது. ஒரு மாதம் கூடுதலாகப் பழக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

எட்டுப் போடுவதைப் பலர் சடங்காக நினைக்கிறார்கள். உண்மையில் அதில் விஷயம் இருக்கிறது. நடக்கும் வேகத்தில், கால் ஊன்றாமல், கிளட்சைப் பாதி பிடித்தபடி, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு திரும்ப வேண்டும். கண் முன் சக்கரத்தைப் பார்த்தால் வண்டி சாயும். அடுத்து எங்கே திரும்பப் போகிறோமோ அங்கே பார்த்தால் வண்டி தானாக வரும். கீழக்கரைத் தெருக்களில் எதிரே ஆட்டோ வரும்போதும், ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டம் நடந்து போகும்போதும் கைகொடுப்பது இந்தக் குறைந்த வேகக் கட்டுப்பாடுதான். அறுபதில் நேராகப் போக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் லைசென்ஸ் முறையில் பெரிய குறை ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இளைஞர்களுக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் படிப்படியாகத்தான் கிடைக்கும். முதல் படியில் 125 சிசி, அதிகபட்சம் 11 கிலோவாட், அதாவது சுமார் 15 குதிரைத்திறன். அடுத்த படியில் 35 கிலோவாட் வரை. அதற்குப் பிறகுதான் எந்த வண்டியும். இங்கே கியர் லைசென்ஸ் ஒன்று கையில் இருந்தால், நேற்று எட்டுப் போட்ட பையன் இன்று 8 குதிரைத்திறன் ஸ்பிளெண்டரும் எடுக்கலாம், 40 குதிரைத்திறனைத் தாண்டும் டியூக் 390-உம் எடுக்கலாம். சட்டம் தடுக்காது. சட்டம் போடாத அந்தப் படிகளை வீடுதான் போட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுக்கு 100 முதல் 125 சிசி வரை என்று வீட்டில் ஒரு கோடு கிழித்துக்கொண்டால் போதும்.

ஏன் இந்தக் கோடு? மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது, 100-இல் 28 மீட்டர். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கை வைக்கப் புதியவருக்கு ஒரு நொடியாவது ஆகும். சாயல்குடிச் சாலையில் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆட்டு மந்தை குறுக்கே இறங்கினால், அந்தப் பதினோரு மீட்டர் வித்தியாசம்தான் எல்லாம். 18 குதிரைத்திறன் கொண்ட ஆர் 15 நூறைத் தொட அதிக நேரம் எடுக்காது. ஸ்பிளெண்டரும் ஷைன் 100-உம் அந்த வேகத்துக்குத் திணறும். முதல் வண்டிக்கு அந்தத் திணறல் நல்லது.

எடையையும் பார்க்க வேண்டும். ஸ்பிளெண்டர் 112 கிலோ, ஷைன் 100 அதைவிடக் குறைவு. கிளாசிக் 350 புல்லட் 195 கிலோ. உள்ளங்கால் முழுதும் தரையில் பதியாத பையனுக்கு, மணல் கிடக்கும் இடத்தில் அந்த 195 கிலோ ஒரு பக்கம் சாய்ந்தால் தூக்கி நிறுத்துவது கடினம். ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு காலும் ஊன்றுகிறதா என்று பாருங்கள். கண்ணாடியில் எப்படித் தெரிகிறது என்பது அப்புறம்.

இந்தக் கரைக்கென்று சில தனிக் கஷ்டங்கள் உண்டு, விளம்பரங்களில் அவற்றைப் பற்றி எதுவும் இருக்காது. முதலாவது காற்று. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், மண்டபத்திலிருந்து கிழக்கே தீவை நோக்கிப் போகிறது. ஆடி மாதத்துத் தென்காற்றான சோழகமும் ஐப்பசி, கார்த்திகை வடகாற்றான வாடையும் அதன்மேல் பக்கவாட்டில் அடிக்கும். எதிரே ஒரு பஸ் கடக்கும்போது காற்று ஒரு கணம் மறைந்து, பஸ் போனதும் மொத்தமாக வந்து இடிக்கும். அந்த இடத்தில் புதியவர்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துவிடுகிறார்கள். இறுக்கினால் காற்றின் ஒவ்வொரு தள்ளலும் நேராக முன் சக்கரத்துக்குப் போகும். முழங்கையைத் தளர்த்தி, உடலைக் கொஞ்சம் குனித்து, வேகத்தைக் குறைத்து, பாலத்தின் ஓரச் சுவருக்கும் எதிர்வண்டிக்கும் நடுவில் இடம் விட்டுப் போக வேண்டும். ரயில் பாலத்தைப் பார்க்க நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்தியிருக்கும் சுற்றுலாக்காரர்கள் வேறு. பழகிய முதல் மாதத்தில் காற்று நாளில் பாலம் ஏறாமல் இருப்பதே மேல்.

மணல் அடுத்தது. தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த சாலை, இரு பக்கமும் கடல், கண்ணுக்கெட்டிய தூரம் நேர்கோடு. ஆக்சிலரேட்டரை முறுக்கத் தோன்றும். ஆனால் காற்று மணலைத் தார்மேல் தூவிக்கொண்டே இருக்கும். சாம்பல் நிறத் தாரில் லேசான வெளிர்மஞ்சள் பட்டை மாதிரிதான் அது தெரியும், வெயிலில் அதுவும் தெரியாது. அதன்மேல் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பிடிப்பை விட்டு வழுக்கிவிடும். மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மணல்மேல் போகும்போது பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் தொடாமல் நேராக விட வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையான புது வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் சி.பி.எஸ். அமைப்பும், அதற்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ்.-உம் கட்டாயம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அந்த ஆண்டுக்குப் பிந்தியதாகப் பார்ப்பது நல்லது.

முள்ளை மறக்க முடியாது. சீமைக்கருவேல முள் இல்லாத சாலை இந்த மாவட்டத்தில் ஏது? டியூப் போட்ட டயரில் முள் ஏறினால் காற்று சட்டென்று இறங்கிவிடும், முன் சக்கரமாக இருந்தால் வண்டி ஆடி விழும். டியூப்லெஸ் டயரில் மெதுவாக இறங்கும், ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். அதே மாடலில் இரண்டு வகை இருந்தால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அலாய் வீலும் டியூப்லெஸ்ஸும் உள்ளதை எடுங்கள்.

உப்புக்காற்று வண்டியை மெதுவாகத் தின்னும். செயின், சைலன்சர், கம்பிச் சக்கரத்தின் கம்பிகள், ஸ்டாண்டு ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகத் துருப்பிடிக்கும். கடலோரத்திலிருந்து விற்பனைக்கு வரும் பழைய வண்டி என்றால் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாமல், குனிந்து செயினை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றால், அந்த வண்டி நன்னீரையும் எண்ணெயையும் பார்த்து நாளாகிவிட்டது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, செயினுக்கு எண்ணெய் போடுவதைப் பையனின் வேலையாகவே வைத்துவிடலாம்.

புது வண்டி விலையைப் பொறுத்தவரை, 350 சிசி வரையான இருசக்கர வாகனங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. மிச்சமாகும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, முகவாய் மறைக்கும் ஹெல்மெட் இரண்டு. ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம். இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் மட்டுமல்ல, மூன்று மாதம் லைசென்ஸைத் தகுதிநீக்கம் செய்யவும் 194-டி பிரிவில் இடமுண்டு. மூன்று பேர் போனாலும் இதே கதிதான்.

கடைசியாக, பையனுக்கு லைசென்ஸ் வந்த பிறகும் வண்டி அம்மா பெயரிலேயே கிடப்பதைப் பற்றி. பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு என்று ஒன்று உண்டு. அது பதிவில் உள்ள உரிமையாளருக்கு, அதுவும் அவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்தால்தான். அம்மா பெயரில் உள்ள வண்டியைப் பையன் ஓட்டி விழுந்தால் அந்தக் காப்பு அவனுக்கு வராது. அம்மாவுக்கு லைசென்ஸ் இல்லையென்றால் அவருக்கும் வராது. வண்டியைத் தினமும் ஓட்டப்போவது பையன்தான் என்றால், 29, 30-ஆம் எண் படிவங்களைக் கொடுத்து ஆர்.சி.யை அவன் பெயருக்கு மாற்றி, மாற்றிய பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸ் பாலிசியையும் அவன் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.